பவானிசாகர் முதல் பூலுவப்பட்டி வரை: முகாம் மக்களுக்கு இணையவழி மனநல உதவி, எந்த வழியில்?

பவானிசாகர், அறச்சலூர், பூலுவப்பட்டி, கோட்டூர், மேட்டுப்பாளையம் வேடர் காலனி, உடுமலைப் பக்கம் திருமூர்த்தி நகர், கரூர் இராயனூர் என்று கொங்கு நாட்டில் சிதறிக் கிடக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பணிசெய்யும் தொண்டு அமைப்புகளும், கல்லூரிகளின் சமூகப்பணித் துறைகளும் இன்று ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றன. மனநல ஆலோசகர் ஒருவர் வாரந்தோறும் ஒவ்வொரு முகாமுக்கும் வந்துபோவது நடக்கிற காரியமாக இல்லை. ஆனால் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு கைபேசி இருக்கிறது. அதன் வழியே உதவியைக் கொண்டு சேர்க்கலாம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகை உதவியை, யாருடைய குரலில், எந்த நேரத்தில் என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கையிலுள்ள சிறு நிதியை நான்கு வழிகளில் ஏதேனும் ஒன்றில்தான் முதலில் செலவிட முடியும் என்ற நிலையில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில், உதவி யாருக்கு என்பதில் தெளிவு தேவை. 1983 தொடங்கி அலை அலையாக வந்தவர்களையும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளையும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் 'அகதிகள்' என்ற ஒரே சொல் போர்த்தி வைத்திருக்கிறது. மன்னாரிலிருந்து இரவில் படகேறி வந்த பாட்டிக்கு உறக்கம் கெடுக்கும் நினைவுகள் ஒருவகை. பவானிசாகரில் பிறந்து, சத்தியமங்கலத்தில் படித்து, வெளியே "சொல்லுங்ணா" என்றும் வீட்டுக்குள் "சொல்லுங்கோ அம்மா" என்றும் பேசுகிற பேத்திக்கு அந்தக் கடலே தெரியாது. பட்டம் வாங்கியும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதே அவளுடைய பாரம். 1987 ஜூலை 1-ஆம் தேதிக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த ஒருவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை பெற்றவராக இல்லாவிட்டால் பிறப்பால் குடிமகன் ஆவதில்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவும் இல்லை. இவர்களுக்கிடையே இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சும் வழிபாடும் உறவுமுறையும் யாழ்ப்பாணத்தாரிலிருந்து வேறுபடும். ஆகவே பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறோம் என்று ஓர் அமைப்பு சொன்னால், எந்தத் தலைமுறையின், எந்த ஊரின் பண்பாடு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படி மாற்றியமைக்கும் வேலைக்கு அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெர்னல் முதலிய ஆய்வாளர்கள் 1995-இல் எட்டுக் கூறுகளை வகுத்தார்கள்: மொழி, உதவும் ஆள், உவமைகளும் மரபுத்தொடர்களும், உள்ளடக்கம், கருத்தாக்கம், இலக்கு, செயல்முறை, சூழல். பெரும்பாலான திட்டங்கள் முதல் கூறான மொழியில் தொடங்கி, படங்களில் பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. என் மதிப்பீட்டில், கொங்கு முகாம்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: உதவும் ஆள், இலக்கு, சூழல். மற்ற ஐந்தையும் நல்ல எழுத்தாளர் ஒருவரும் முகாமைச் சேர்ந்த நாலு பெண்களும் உட்கார்ந்து சில வாரங்களில் சரிசெய்துவிடலாம். இந்த மூன்றும் அமைப்பின் கட்டுமானத்தைச் சார்ந்தவை. பின்னால் ஒட்டவைக்க முடியாதவை.

முதல் வழி, புதிதாக எதையும் உருவாக்காமல் அரசு நடத்தும் தொலைபேசி உதவியை மக்களிடம் கொண்டு சேர்ப்பது. டெலி மானஸ் என்ற தேசியச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அதைத் தன் சேவையாகத் தொடங்கியது. இதைப் பயன்படுத்தக் குடியுரிமை தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை 'ஒவ்வொரு நபருக்கும்' என்றே எழுதியிருக்கிறது. அழைத்தவருக்கு மருந்து தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடும் உண்டு. செலவில்லை, இரவு இரண்டு மணிக்கும் ஆள் உண்டு, மருத்துவர் வரை போகும் பாதை உண்டு. இந்த மூன்றையும் வேறு எந்த வழியும் ஒருசேரத் தரவில்லை.

ஆனாலும் இதைமட்டும் நம்பியிருக்கப் பரிந்துரைக்க மாட்டேன். அரசாங்க எண் என்பதே முகாமில் ஒரு தடை. தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பிலும், மாதாந்தர உதவித்தொகைக்கான பதிவிலும், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டிய பழக்கத்திலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு, பெயரும் ஊரும் கேட்கும் எந்தக் குரலும் விசாரணையாகவே காதில் விழும். மனநலப் பராமரிப்புச் சட்டமே தகவலை வெளியிடக் கூடாது என்று கட்டாயப்படுத்துகிறது என்பதை ஒரு துண்டறிக்கையால் நம்பவைத்துவிட முடியாது. அத்துடன், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் வேறொருவர் எடுக்கலாம். படகு, பங்கர், இடப்பெயர்வு, முகாம் மாற்றம் என்ற கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்வதே பாடாக இருப்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது உதவியாகாது. நெருக்கடி நேரத்துக்கு இந்த எண் கட்டாயம் வேண்டும். வாராவாரம் தொடர வேண்டிய ஆதரவுக்கு இது போதாது.

இரண்டாவது வழி, வெளிநாட்டு அகதிகளிடம் சோதித்துப் பார்த்த செயலி ஒன்றைத் தமிழாக்கிப் பயன்படுத்துவது. இதற்கு நல்ல முன்மாதிரி உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப் பை ஸ்டெப்' திட்டம். லெபனானில் வாழும் சிரிய அகதிகளிடமும் லெபனான் மக்களிடமும் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2022-இல் வெளியாயின. சோர்வுற்ற ஒருவர் சிறுசிறு செயல்கள் வழியே மீண்டும் நாளை ஒழுங்குபடுத்திக்கொள்வதைப் படக்கதையாகச் சொல்லும் ஐந்து அமர்வுகள். கூடவே பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர் வாரத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் தொலைபேசியிலோ செய்தியிலோ பேசுவார். மனச்சோர்வு குறைந்தது, அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது என்று ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் பாதியில் விட்டுப்போனவர்கள் மிகப் பலர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? படக்கதையைத் தமிழாக்குவது கடினமில்லை. செயலியை உருவாக்குவதும், ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு புதுப்பதிப்புக்கும் அதைச் சரிசெய்துகொண்டே இருப்பதும், தகவல்களைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதும்தான் நிதியை விழுங்கும். உதவித்தொகை நிற்கிற அன்று செயலியும் நின்றுவிடும். இதைவிடப் பெரிய இடர் வீட்டுக்குள் இருக்கிறது. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். பகலில் அது பெயின்டிங் வேலைக்குப் போன கணவரிடமோ மகனிடமோ இருக்கும், இரவில் பிள்ளையின் பாடத்துக்கும் ரீல்ஸுக்கும் போய்விடும். மனச்சோர்வு என்ற பெயரோடு ஒரு செயலிப் படம் திரையில் நின்றால், கைமாறும் ஒவ்வொருவர் கண்ணிலும் படும். தனித்தனிக் கைபேசி வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் இது பொருந்தலாம்; அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வழியைத்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள் பலரும் முதலில் முன்மொழிவார்கள்: ஈழத்தமிழ் ஆலோசகர்களையே காணொளியில் பேசவைப்பது. யாழ்ப்பாணத்தில் 1980-களின் இறுதியிலிருந்தே போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உளவளத்துணைப் பணி வளர்ந்திருக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அங்கே நடந்த பாதிப்பைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்த நிலையாகவும் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதியிருக்கிறார். அந்த மரபில் பயின்ற ஒருவரிடம் 'தலையிடி', 'நெஞ்சு அடைக்குது', 'ஒரே யோசனை' என்றால் விளக்கவுரை தேவைப்படாது. லண்டனிலும் டொராண்டோவிலும் உள்ள ஆலோசகர்களையும் சேர்த்தால் நேரமும் வாய்ப்பாகவே அமையும்: திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு ஒரு பெண் பேச உட்கார்ந்தால், லண்டனில் பிற்பகல், டொராண்டோவில் காலை.

இந்த வழியின் குறை, அதன் வலிமை இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. போரை அறிந்த ஆலோசகருக்கு முகாம் தெரியாது. பத்துக்குப் பத்து வீட்டில் முப்பது ஆண்டுகள், தலைமை அலுவலரின் பதிவேடு, ரேஷன், வாரவட்டிக் கடன், வெளியே "சிலோன்காரங்க" என்று சுட்டப்படும் பேச்சு, திருமணத்துக்கு வெளியார் வீட்டில் பெண் கேட்டால் வரும் தயக்கம் ஆகியவைதான் இன்றைய மனச்சுமையின் பெரும்பகுதி. இங்கே பிறந்த இளைஞனிடம் "ஊர் நினைவு வருதோ" என்று பரிவோடு கேட்டால், அவன் எந்த ஊரை நினைப்பான்? இன்னொன்றும் உண்டு. புலம்பெயர்ந்து நல்ல நிலையில் வாழும் ஒருவரிடம், போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் பேசும்போது, மொழி ஒன்றாக இருப்பதாலேயே உயர்வு தாழ்வு கூர்மையாக உறுத்தும். அரசியல் கேள்விகளும் கூடவே வரும். சட்ட நோக்கிலும் வரம்பு உண்டு: 2020-இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இங்கே பதிவுசெய்த மருத்துவர்களுக்கானவை, வெளிநாட்டு மருத்துவர் ஆறுதல் பேசலாம், மருந்து எழுத முடியாது. இவர்களை நேரடியாக மக்களிடம் அனுப்புவதைவிட, இங்குள்ள உதவியாளர்களுக்குப் பயிற்றுநர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் வைத்துக்கொள்வதே பொருந்தும்.

நான்காவது வழி கேட்கச் சாதாரணமாக இருக்கும்: ஒலிப்பதிவும், அதைக் கேட்டவர்களோடு வாரம் ஒருமுறை பேசும் முகாம்வாசி ஒருவரும். இதற்கும் சோதித்த முன்மாதிரி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 'செல்ஃப் ஹெல்ப் பிளஸ்' திட்டத்தில், முன்கூட்டியே பதிவுசெய்த ஒலியும் படப்புத்தகமும் கொண்டு இருபது முப்பது பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து அமர்வுகள் நடத்தப்படுகின்றன. நடத்துபவர் நிபுணராக இருக்கத் தேவையில்லை, குறுகிய பயிற்சி போதும். உகாண்டாவின் ரைனோ முகாமில் தென்சூடான் அகதிப் பெண்கள் 694 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியாகி, மூன்று மாதத்துக்குப் பிறகும் மனத்துயர் குறைந்திருந்ததைக் காட்டியது. அங்கே ஒலிபெருக்கியைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். இங்கே அதை வாட்ஸ்அப் குரல்பதிவாகவோ, மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து ஒலிக்கும் வசதியாகவோ மாற்றலாம். மிஸ்டு கால் முறை பட்டன் போனிலும் வேலை செய்யும். திரையில் தடயம் விடாது. எழுத்து தெரியாத முதியவருக்கும் உதவும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பது எந்த பனியன் கம்பெனியிலும் காணும் காட்சி. அந்தக் காதுக்கு இதையும் அனுப்பலாம்.

இந்த வழியில்தான் உள்ளடக்கத்தை மாற்றுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது வெளிப்படும். வெளிநாட்டுப் பதிவுகளை ஒட்டி எழுதிய முன்வரைவொன்றை முகாம் பெண்கள் சிலருக்கு வாசித்துக் காட்டினோம். "மாலையில் சிறிது தூரம் தனியாக நடந்துவிட்டு வாருங்கள்" என்ற வரி வந்ததும் ஒரு மூத்த பெண் சிரித்துவிட்டார். "பொழுதுபட்டாப் பிறகு ஒரு பொம்பிளை தனிய நடந்தால், விடியிறதுக்கு முன்னம் லைன் முழுக்கக் கதை வந்திடும், பிள்ளை." அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று கேட்டபோது, இரண்டு பேராகச் சேர்ந்து பயத்தம் பணியாரம் சுடுவதைச் சொன்னார்கள், பல ஆண்டுகளாக விட்டுப்போன வேலை, மாவு வறுக்கும் மணத்துக்கே அடுத்த வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனச்சோர்வுக்கான செயலூக்கப் பயிற்சி கேட்பதும் அதைத்தான்: முன்பு மனநிறைவு தந்த ஒரு சிறு செயலை மீண்டும் தொடங்குவது.

அடுத்து மூச்சுப்பயிற்சி. "கண்களை மூடி, அமைதியான கடற்கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது இவ்வகைப் பதிவுகளில் தேய்ந்துபோன வரி. தனுஷ்கோடித் திட்டில் இறக்கிவிடப்பட்டு விடியும் வரை நின்றவர்களிடம் கடலை அமைதியின் உருவமாகக் கொடுக்க முடியாது. சரி, காடு என்று மாற்றலாம் என்றால், பவானிசாகரில் யானைகள் அணைக்குத் தண்ணீர் குடிக்க இறங்குகின்றன. அங்கே அமைதியான காட்டை நினைக்கச் சொன்னால் யாரும் மூச்சை மெதுவாக விடப்போவதில்லை. கண்ணை மூடச் சொல்வதையே விட்டுவிட்டு, கையில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு அதன் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொல்வது இரு தலைமுறைக்கும் பொருந்தியது. படத்தில் சேலை கட்டுவதைவிட இத்தகைய மாற்றங்களுக்கே நேரம் செலவிட வேண்டும்.

இலக்கு என்ற கூறுக்கு வருகிறேன். எந்தத் திட்டமும் "உங்கள் எதிர்காலம் உங்கள் கையில்" என்ற தொனியில் பேசினால், முகாமில் அது பொய்யாகவே கேட்கும். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. குடியுரிமை கிடைக்குமா, திரும்பிப் போக வேண்டியிருக்குமா என்பதைத் தனியொருவர் தீர்மானிக்க முடியாது. இந்த இடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் மற்றொரு எளிய முறையான 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' ஒரு நல்ல கருவியைத் தருகிறது: பிரச்சினைகளைத் தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, அவ்வளவு முக்கியமில்லாதவை என்று முதலில் பிரித்துக்கொள்வது. வாரவட்டிக் கடன், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, கணவரின் குடி ஆகியவற்றில் ஏதாவது செய்ய இடமுண்டு. குடியுரிமையை இரண்டாவது கூடையில் நேர்மையாக வைத்துவிட்டு, அதைச் சுமந்தபடியே நாளைக் கடத்துவது எப்படி என்று பேசுவதே மரியாதை. கூலிக்கும் கடனுக்கும் சட்ட உதவிக்கும் யாரிடம் போகலாம் என்ற தகவல் அதே குரலில் அடுத்து வராவிட்டால், அந்த உதவி வெறும் ஆறுதல் வார்த்தையாகிவிடும். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று உயர்ந்தது. புதிய வீடுகளும் கட்டப்பட்டன. இவை மனநலத் திட்டம் என்ற பெயரில் வரவில்லை. ஆனாலும் கூரை ஒழுகாத வீடு தந்த உறக்கத்தை எந்த ஒலிப்பதிவும் தராது என்பதைத் திட்டம் தீட்டுபவர்கள் மறக்கலாகாது.

இனி, உதவும் ஆள். நான்காவது வழியின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது. இதிலேயே பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் முகாம் மக்களையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆலோசகர்களாகவும் உருவாக்கி வந்திருக்கிறது. எனவே முகாம்வாசியால் இது முடியுமா என்ற கேள்விக்கு இடமில்லை. கேள்வி வேறு: லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒருவர் தன் குடும்ப விஷயத்தைச் சொல்வாரா? சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. உறவும் பகையும் சீட்டுக் கடனும் பின்னிக் கிடக்கும் இடம் அது. முற்றிலும் வெளியாளாக, கோவையில் படித்த ஆலோசகரை வைத்தால், அவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். "ஏனுங் கவலைப்படறீங்க, சரியாப் போயிருமுங்" என்று அவர் அன்போடு சொல்வதும் இவர்கள் காதில் அவசரமாகவே விழக்கூடும்.

இணையம் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான் என்பது என் கருத்து. பவானிசாகரில் இருப்பவருக்கு இராயனூரில் இருக்கும் உதவியாளர், பூலுவப்பட்டிக்காரருக்கு அறச்சலூர்க்காரர். முகாம் வாழ்க்கை என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை, பேச்சும் ஒன்று, ஆனால் நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் முகம் பார்க்க வேண்டியதில்லை. நேரில் செய்தால் பேருந்துச் செலவே இதை முடியாததாக்கியிருக்கும். முகாம்களுக்கிடையே கல்யாண உறவு நிறைய என்பதால், உதவியாளரின் குடும்பம் எந்த ஊர், எந்தெந்த முகாமில் சொந்தம் என்று பதிவுசெய்த பின்னரே ஆளை இணைக்க வேண்டும். இதைச் சோம்பலின்றிச் செய்யாவிட்டால் முறையின் நன்மையே போய்விடும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பதைத் தொடக்கத்தில் விதியாகவே வைக்கலாம். அழைப்பவர் மூத்தவரானால் உதவியாளர் 'அம்மா', 'அக்கா' என்று அழைத்துத் தன்னைப் பிள்ளையின் இடத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கணவன் மனைவிச் சிக்கலை மூத்தவர் ஒருவர் இளையவரிடம் சொல்லத் தயங்குவார் என்பதால், நாற்பது கடந்த உதவியாளர்களும் கட்டாயம் தேவை. இளைஞர்களுக்குக் கைபேசி நன்றாக வரும் என்பதற்காக அவர்களையே எடுப்பது வசதி மட்டுமே.

சூழலைப் பற்றிக் குறுகச் சொன்னால் போதும். ஆலோசனை நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை என்று அறிவித்தால், மில்லுக்கும் கம்பெனிக்கும் போகும் ஒருவரும் வர மாட்டார். சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை குடியாலும் கடன்காரராலும் வீட்டில் சண்டை மிகும். ஞாயிறு காலை மாதா கோயில், துணி துவைப்பு, கறி. ஞாயிறு பிற்பகலும், வார நாளில் இரவு ஒன்பதுக்கு மேலும்தான் பேசக்கூடிய நேரம். வீட்டுக்குள் பேச முடியாதவர்களுக்கு முகாமின் பாலர் பள்ளிக் கட்டடத்தையோ, தேவாலயத்தின் ஓர் அறையையோ அந்த நேரத்தில் திறந்து வைத்தால், தையல் வகுப்பு, கணினி வகுப்பு என்ற பெயரில் பலர் வந்துபோகும் இடமாக அது இருக்கும். மனநல அறை என்று பலகை மாட்டக் கூடாது.

நான்காவது வழிக்கும் குறைகள் உண்டு. உகாண்டா ஆய்வு பெண்களிடம் நடந்தது. ஆண்கள் குரல்பதிவைக் கேட்பார்களா, குடியைப் பற்றிப் பேசுவார்களா என்பதற்கு அந்த ஆய்விலிருந்து விடை கிடைக்காது. பெயின்டிங் வேலைக்குக் கூட்டாகப் போகிற ஆண்களிடம் உடல்வலி, உறக்கம், கடன் என்ற வாசல்களின் வழியே தனியாக ஒரு பதிவு தயாரிக்க வேண்டியிருக்கும். குரல்பதிவு கடுமையான மனநோய்க்கோ, வலிப்புக்கோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கோ மருந்தாகாது. உதவியாளர்களும் பாதிக்கப்பட்டவர்களே, அடுத்தவர் கதையைக் கேட்டுவிட்டு இரவில் தாங்களே உறங்காமல் கிடப்பார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளமும், வாரந்தோறும் மேற்பார்வையாளரோடு ஒரு மணி நேரமும் கொடுக்க முடியாத அமைப்பு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. தொண்டு என்ற பெயரில் முகாம் இளைஞர்களை இலவசமாக உழைக்கச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

யாருக்கு எந்த அளவு உதவி வேண்டும் என்று கண்டறிய, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 27 வரை மதிப்பெண் வரும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம் தேவை என்பது பொதுவான எல்லை. அதைப் படிவமாக அனுப்பிக் குறியிடச் சொன்னால், முகாம் மக்கள் அதை உதவித்தொகைக் கணக்கெடுப்பு போலவே நிரப்புவார்கள்: எதைச் சொன்னால் நல்லது என்று யோசித்து. பேச்சின் நடுவே உதவியாளரே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அதிலும் கடைசிக் கேள்வியான உயிர் பற்றிய கேள்வியைப் பயிற்சியில் பலமுறை சொல்லிப் பழகிய பிறகே கேட்க வேண்டும். "ஆம்" என்ற பதில் வந்தால் யார் யாரை எத்தனை நிமிடத்தில் அழைப்பது, 14416-ஐ மூன்றாவது ஆளாக அந்த அழைப்பிலேயே சேர்ப்பது எப்படி, 108 வண்டி முகாமுக்கு வர எவ்வளவு நேரமாகும், சத்தியமங்கலம் அரசு மருத்துவமனையா பெருந்துறையா என்பதையெல்லாம் முதல் குரல்பதிவு வெளியாகும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் வழி இங்கே நான்காவது வழிக்குள் வந்து அமர்கிறது; முகாம்வாசி உதவியாளரே உடன் இருந்து அழைக்கும்போது, அரசு எண் என்ற அச்சமும் குறையும்.

ஆகவே என் தேர்வு நான்காவது வழி. நெருக்கடிக்கு 14416-ஐப் பின்பலமாகவும், யாழ்ப்பாணத்து அனுபவசாலிகளை வாரமொரு முறை காணொளியில் வரும் மேற்பார்வையாளர்களாகவும் வைத்துக்கொண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, மருந்து தேவைப்படுவோரை அனுப்பும் நாளையும் இடத்தையும் உறுதிசெய்துகொள்வது இதன் பகுதி. செயலியை இப்போதைக்கு விட்டுவிடலாம். முகாம்களிலிருந்து கோவை, ஈரோடு, கரூர்க் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்கள், தங்கள் சொந்தக் கைபேசியில் எழுத்து வழியே பேசுவதையே விரும்புகிறோம் என்று சொன்னால், அவர்களுக்காக மட்டும் இரண்டாம் ஆண்டில் அதை எடுத்துப் பார்க்கலாம். அப்போதும் புதிதாகக் கட்டுவதைவிட, ஏற்கெனவே சோதித்த ஒன்றின் உரிமையைக் கேட்டுப் பெறுவதே சிக்கனம்.

தொடங்குவதற்குப் பவானிசாகரையும் இராயனூரையும் இணையாக எடுக்கலாம். ஒன்று பெரிய முகாம், மற்றொன்று நகரத்தை ஒட்டியது, இடையே தொலைவும் போதுமான அளவு உண்டு. முதல் ஆறு மாதத்தில் பார்க்க வேண்டிய எண், எத்தனை பேர் பதிவைக் கேட்டார்கள் என்பதில்லை. முதல் அழைப்புக்குப் பிறகு இரண்டாவது அழைப்பையும் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதே. அதில் பாதிக்கு மேல் விட்டுப்போனால், ஒலிப்பதிவைத் திருத்துவதற்கு முன் உதவியாளர்களை இணைத்த விதத்தைச் சோதிக்க வேண்டும். எங்கோ ஒரு சொந்தம் இரு முகாமுக்கும் நடுவே இருந்திருக்கலாம்.